அன்னா ஜூலியா கூப்பர்: லத்தீன் வகுப்பறையில் கழிந்த ஒரு நெடுவாழ்வு

அமெரிக்கக் கடவுச்சீட்டில் அச்சிடப்பட்டுள்ள மேற்கோள்களுள் ஒன்றின் கீழ் அன்னா ஜூலியா கூப்பர் என்ற பெயரைப் பார்த்த ஒருவர், இவர் யார் என்றும், ஒரு பள்ளியில் லத்தீன் கற்பித்துத் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்ற பெண்மணியை இத்தனை காலம் கழித்து நினைவுகூர என்ன காரணம் என்றும் கேட்டிருக்கிறார். வழக்கமாக இதற்குக் கிடைக்கும் விடை, அவர் 1892இல் எழுதிய ஒரு நூலையும், அறுபத்தாறாம் வயதில் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற முனைவர் பட்டத்தையும் சொல்லி முடிந்துவிடும். இரண்டும் உண்மை, இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் அவருடைய வாழ்வின் நடுநாயகமாக இருந்தது வகுப்பறை என்பதும், அந்த வகுப்பறையில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்ததே அவர் செய்த மிகத் துணிச்சலான அரசியல் செயல் என்பதும் என் உறுதியான கருத்து. அதனால் இந்தப் பதிலை அங்கிருந்தே சொல்ல விரும்புகிறேன்.

அவர் 1858 ஆகஸ்ட் 10ஆம் நாள் வட கரோலினா மாநிலத்தின் ராலி நகரில் அடிமையாகப் பிறந்தார். தாய் ஹன்னா ஸ்டான்லி ஹேவுட் குடும்பத்தாரின் உடைமையாக இருந்தவர். தந்தை அந்தத் தாயின் எசமானராகத்தான் இருக்க வேண்டும் என்றும், அப்படியானால் அந்த மனிதருக்குத் தான் ஒரு சல்லிக்காசும் கடன்பட்டவள் அல்ல என்றும், தாய் கூச்சத்தால் அவரைப் பற்றி ஒருநாளும் வாய்திறந்ததில்லை என்றும் கூப்பரே பிற்காலத்தில் எழுதினார். தாயைப் பற்றி எழுதும்போது மட்டும் அவருடைய நடையில் இறுக்கம் தளர்ந்துவிடும். தான் அறிந்த பெண்களிலேயே மிகச் சிறந்தவர் அவர் என்று சொல்வார். பள்ளிக் கல்வி மறுக்கப்பட்டிருந்த அந்தத் தாயின் பெயரைத்தான் முதுமையில் தாம் நடத்திய பள்ளி ஒன்றுக்கு அவர் வைத்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், விடுதலை பெற்றவர்களிலிருந்து ஆசிரியர்களையும் போதகர்களையும் உருவாக்குவதற்காக எபிஸ்கோபல் திருச்சபை 1868இல் ராலியில் செயின்ட் அகஸ்டின் பள்ளியைத் தொடங்கியது. ஏறத்தாழ ஒன்பது வயதில் உதவித்தொகையுடன் அங்கே சேர்ந்த சிறுமி, சில ஆண்டுகளிலேயே தன்னைவிட மூத்த மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டாள். அப்போது கிரேக்க வகுப்பு ஒன்று தொடங்கப்பட்டது. அது இறையியல் படித்துப் போதகராகப் போகும் ஆண்களுக்கானது. விரும்பினால் நீயும் வந்து உட்காரலாம் என்று அவளுக்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியின் தொனியை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஓர் ஆண்பிள்ளை, அவனுடைய தயாரிப்பு எவ்வளவு குறைவானதாக இருந்தாலும், இறையியல் படிக்கும் எண்ணம் உண்டு என்று வாயால் சொன்னாலே போதும், எல்லா ஆதரவும் ஊக்கமும் தேடிவரும். ஒரு பெண்பிள்ளையோ தன் சொந்த உழைப்பில், ஒவ்வொரு வாசலையும் தானே தட்டித்தான் போக வேண்டும் என்று தம் நூலில் வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார். அந்தக் கிரேக்க வகுப்பிலேயே பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்த ஜார்ஜ் கூப்பர் என்ற இறையியல் மாணவரைச் சந்தித்து 1877இல் மணந்துகொண்டார். இரண்டே ஆண்டில் கணவர் இறந்துபோனார். இருபத்தொரு வயதில் கைம்பெண்ணான அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1881இல் ஒஹாயோவிலுள்ள ஓபர்லின் கல்லூரியின் தலைவருக்கு, கட்டணமின்றிப் படிக்க இடம் கேட்டு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. அதில் தம் வறுமையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறார்; தாம் படித்து முடித்தவற்றையோ ஒவ்வொன்றாக எழுதுகிறார். சீசர், ரோமக் கவிஞர் வர்ஜிலின் 'ஈனீட்' காப்பியத்தில் ஆறு பகுதிகள், சல்லஸ்ட், சிசரோவின் சில சொற்பொழிவுகள், பிறகு கிரேக்க நூல்கள், கணிதம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் எழுத்துக் கற்று, பதினைந்து பதினாறு ஆண்டுகளுக்குள் ஓர் இளம்பெண் எழுதிய பட்டியல் அது. அக்கால அமெரிக்காவில் கல்லூரிக் கல்வியின் நுழைவாயிலில் நின்ற பாடங்கள் அவை என்பது நினைவிருந்தால்தான் அக்கடிதத்தின் கனம் புரியும். ஓபர்லின் 1830களிலேயே கறுப்பினத்தவரையும் பெண்களையும் சேர்த்துக்கொண்ட கல்லூரி. ஆனாலும் பெண்களுக்கென்று எளிதாக்கப்பட்ட ஒரு படிப்பு தனியே இருந்தது. கூப்பர் அதைத் தவிர்த்து, ஆண்களுக்கான படிப்பு என்று அழைக்கப்பட்ட நான்காண்டுச் செவ்வியல் படிப்பைத் தேர்ந்தெடுத்து 1884இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அங்கே பட்டம் பெற்ற மேரி சர்ச், ஐடா கிப்ஸ் ஆகிய இருவரும் கறுப்பினப் பெண்கள். பின்னாளில் பொதுவாழ்வில் பெயர்பெற்றவர்கள். ஓராண்டு வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்திலும், பிறகு தாம் படித்த செயின்ட் அகஸ்டினிலும் கற்பித்தபின், 1887இல் ஓபர்லின் அவருக்குக் கணிதத்தில் முதுகலைப் பட்டம் வழங்கியது. அதே ஆண்டில் வாஷிங்டன் நகரத்தின் கறுப்பின மாணவர்களுக்கான உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

அந்தப் பள்ளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1870இல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் தொடங்கிய அப்பள்ளி, 1891இல் எம் (M) தெருவில் சொந்தக் கட்டடத்துக்கு மாறியதால் எம் தெரு உயர்நிலைப் பள்ளி எனப் பெயர் பெற்றது. 1916இல் மீண்டும் இடம்மாறியபோது கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இனவாரியாகப் பிரிக்கப்பட்ட நகரம் அது. ஆயினும் தலைநகரத்தின் பள்ளிகள் கூட்டரசின் பொறுப்பில் இருந்ததால், கறுப்பின ஆசிரியருக்கும் வெள்ளை ஆசிரியருக்கும் ஒரே ஊதியம் கிடைத்தது. ஹார்வர்டிலும் ஓபர்லினிலும் பட்டம் பெற்ற கறுப்பின அறிஞர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் வேலை கிடைக்காத காலத்தில் அவர்கள் இந்த ஒரு பள்ளியை நோக்கி வந்தார்கள். தேசத்தின் அநீதி, விரும்பாமலேயே, ஒரு கல்லூரிக்கு நிகரான ஆசிரியர் குழுவை ஓர் உயர்நிலைப் பள்ளியில் கூட்டிவிட்டது. மேரி சர்ச்சும் அங்கே லத்தீன் கற்பித்தவர்தான். 1891இல் திருமணமானதும், மணமான பெண்கள் ஆசிரியராக இருக்கக்கூடாது என்ற அன்றைய விதியால் வேலையை விட வேண்டியிருந்தது. கூப்பர் கைம்பெண் என்பதால் அந்த விதி அவரைத் தொடவில்லை. நாற்பதாண்டுக்கு மேற்பட்ட அவருடைய ஆசிரியப் பணிக்குப் பின்னால் இந்தத் துயரமான காரணமும் இருக்கிறது.

முதலில் கணிதமும் அறிவியலும் கற்பித்தவர், விரைவில் லத்தீனுக்கு மாறினார். ஏன் லத்தீன் என்று இன்றைய வாசகர் கேட்பது இயல்பு. பேசுவார் இல்லாத ஒரு மொழியைப் பாத்திரம் கழுவியும் துணி துவைத்தும் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எதற்காகக் கற்பிக்க வேண்டும்? அன்றே பலர், அதுவும் நல்லெண்ணம் உள்ளவர்கள் பலர், இதைக் கேட்டார்கள். இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது நடைமுறை சார்ந்தது. ஹார்வர்ட், யேல் போன்ற கல்லூரிகளில் இளங்கலைப் படிப்புக்குள் நுழைய லத்தீன் தேர்ச்சி கட்டாயமாக இருந்த காலம் அது. ஒரு பள்ளியின் பாடத்திட்டத்திலிருந்து லத்தீனை எடுத்துவிட்டால், அப்பள்ளி மாணவர் எவரும் அந்தக் கல்லூரிகளின் வாசலையே மிதிக்க முடியாது. யாரும் எந்தத் தடையையும் அறிவிக்க வேண்டியதில்லை. பாடவேளை அட்டவணையில் ஒரு பாடத்தை நீக்கினால் போதும். இந்தச் சூட்சுமத்தைக் கூப்பர் தெளிவாக அறிந்திருந்தார்.

இரண்டாவது விடை இன்னும் ஆழமானது. அடிமை முறையின் பெரும் காவலராக இருந்த அரசியல்வாதி ஜான் கால்ஹூன், கிரேக்க இலக்கணம் அறிந்த ஒரு கறுப்பரைக் காட்டினால்தான் அவர்களை மனிதர்களாக ஒப்புக்கொள்வேன் என்று பேசியதாகக் கறுப்பினப் போதகரும் அறிஞருமான அலெக்சாண்டர் கிரம்மெல் பதிவு செய்திருக்கிறார். செவ்வியல் மொழியறிவு என்பது மனிதத் தகுதியின் அளவுகோலாகவே எதிரிகளால் நிறுத்தப்பட்டிருந்தது. அந்த அளவுகோல் நியாயமானதா என்பது வேறு கேள்வி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மக்கள் கூட்டத்தையே ஒதுக்கிவைத்தபோது, அதே மொழியைத் தம் பிள்ளைகளின் கையில் கொடுப்பதைவிட நேரான மறுமொழி இருக்க முடியாது. ஆனால் கூப்பரின் கற்பித்தலை மறுமொழியாக மட்டுமே பார்ப்பது அவருக்குச் செய்யும் குறை. அவர் வர்ஜிலை உண்மையாகவே நேசித்தார். ஊரிழந்து, கடலில் அலைந்து, வயது முதிர்ந்த தந்தையைத் தோளில் சுமந்துகொண்டு புதிய இடம் தேடும் மனிதர்களின் கதையை, அடிமைகளின் பேரப்பிள்ளைகள் வரிவரியாகப் பிரித்துப் பொருள்கொண்டபோது, அவர்களுக்கு அது யாரோ ஒருவருடைய கதையாக இருந்திருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன். 1903இல் அமெரிக்காவைச் சுற்றிப்பார்க்க வந்த ஃபெலிக்ஸ் க்ளைன் என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார் எம் தெருப் பள்ளிக்கு வந்து, அப்போது தலைமையாசிரியராக இருந்த கூப்பரே வர்ஜில் பாடம் நடத்திய வகுப்பில் உட்கார்ந்து கவனித்தார். அடுத்த ஆண்டு பிரான்சில் வெளியான தம் பயண நூலில் அந்தப் பள்ளியை வியந்து எழுதினார். அந்தச் சந்திப்பு பல்லாண்டு நட்பாக வளர்ந்தது. கூப்பரின் பாரிஸ் வாழ்வுக்கும் அதுவே ஒரு வழியாயிற்று.

1892இல் வெளிவந்த 'தெற்கிலிருந்து ஒரு குரல்' என்ற கட்டுரைத் தொகுப்பையும் இந்த ஆசிரியைதான் எழுதினார் என்பதை மனத்தில் வைத்துப் படித்தால் அதன் வாதம் இன்னும் துலங்கும். கறுப்பினத்தின் முன்னேற்றம் குறித்துப் பேசும் ஆண்கள் தம் இனத்துப் பெண்களை மறந்துவிடுகிறார்கள். பெண்ணுரிமை பேசும் வெள்ளைப் பெண்கள் கறுப்பினப் பெண்களை மறந்துவிடுகிறார்கள். ஆகவே கறுப்பினப் பெண் தலைநிமிர்ந்து எங்கே நுழைகிறாளோ அங்கேதான் முழு இனமும் அவளோடு நுழைகிறது என்பது அதன் மையக் கருத்து. அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தைக் கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸ் 1920இல் ஒரு கட்டுரையில் எடுத்தாண்டபோது, நம் பெண்களில் ஒருவர் எழுதியது என்று குறிப்பிட்டாரே தவிர, கூப்பரின் பெயரைச் சொல்லவில்லை. டு பாய்ஸ் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனாலும் இந்த விடுபடலை மன்னிப்பது எளிதாக இல்லை. கடவுச்சீட்டில் இன்று காணப்படும் வாக்கியமும் அதே நூலிலுள்ளதுதான். விடுதலை என்பது ஓர் இனத்துக்கோ மதப்பிரிவுக்கோ கட்சிக்கோ வர்க்கத்துக்கோ உரிய நோக்கம் அன்று, மனிதகுலத்தின் பிறப்புரிமை என்று அது சொல்கிறது.

1893இல் சிகாகோவில் கூடிய உலகப் பெண்கள் மாநாட்டிலும், 1900இல் லண்டனில் நடந்த முதல் பான்-ஆப்பிரிக்க மாநாட்டிலும் அவர் உரையாற்றினார். 1902 ஜனவரியில் எம் தெருப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அடுத்த நான்கு ஆண்டுகளில் அவருடைய மாணவர்கள் ஹார்வர்ட், யேல், பிரவுன், ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற கல்லூரிகளில் இடம்பெற்றார்கள். ஒரு பள்ளித் தலைவருக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறு என்ன வேண்டும்? அந்த வெற்றிதான் அவருக்குப் பகையாக வந்தது.

1895இல் அட்லாண்டாவில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் ஆற்றிய உரைக்குப்பின், கறுப்பினத்தவருக்கு ஏற்றது தொழிற்கல்வியே, பட்டப்படிப்புக்கு அவசரம் வேண்டாம் என்ற கருத்து வெள்ளை ஆட்சியாளரிடமும் கொடையாளரிடமும் செல்வாக்குப் பெற்றிருந்தது. கூப்பர் தொழிற்கல்வியின் எதிரி அல்லர். கைத்தொழிலின் மதிப்பைத் தம் நூலிலேயே வலியுறுத்தியவர் அவர். எல்லாப் பிள்ளைகளையும் தோலின் நிறம் பார்த்து ஒரே அச்சில் வார்ப்பதைத்தான் எதிர்த்தார். கறுப்பின மாணவருக்கெனத் தரம் தாழ்த்திய தனிப் பாடத்திட்டம் என்ற யோசனை எழுந்தபோது அவர் இணங்கவில்லை. டு பாய்ஸை 1902-03 குளிர்காலத்தில் பள்ளிக்கு அழைத்துப் பேசவைத்ததும், அவர் இத்தகைய போக்கைக் கண்டித்துப் பேசியதும் மேலிடத்தில் சிலருக்குக் கசப்பை உண்டாக்கின. நகரின் உயர்நிலைப் பள்ளிகளின் இயக்குநராக இருந்த வெள்ளை அதிகாரி பெர்சி ஹியூஸுடன் முரண்பாடு முற்றியது. 1905இல் குற்றச்சாட்டுகள் வெளிப்படையாக வந்தன. பள்ளியில் ஒழுங்கு இல்லை, தகுதியற்ற மாணவரிடம் அளவுக்கு மீறிய பரிவு காட்டுகிறார், மாணவர் சிலர் புகைப்பதையும் குடிப்பதையும் தடுக்கவில்லை என்று சொன்னார்கள். இவற்றோடு, அவர் வளர்த்து ஆளாக்கி, அதே பள்ளியில் ஆசிரியராகவும் இருந்த ஓர் இளைஞர் அவர் வீட்டில் தங்கியிருந்ததை வைத்து ஒரு வதந்தியும் கிளப்பப்பட்டது. தனித்து வாழும் ஒரு பெண்ணை வீழ்த்த வேண்டுமானால் கடைசியில் எடுக்கப்படும் ஆயுதம் எந்த நாட்டிலும் இதுதான்.

விவகாரம் ஓராண்டுக்குமேல் செய்தித்தாள்களில் ஓடியது. அவருக்காக மாணவரும் பெற்றோரும் பேசினார்கள். ஆயினும் 1906இல் அவருக்கு மறுநியமனம் வழங்கப்படவில்லை. புக்கர் வாஷிங்டனின் ஆதரவாளர்களுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. என் பார்வையில், பின்னணியில் யார் இருந்தார்கள் என்பதைவிட, எந்தக் காரணத்தை முன்னிட்டுப் பதவி போனது என்பதே முக்கியம். மாணவர்களை எட்டாத உயரத்துக்கு ஏற்றுகிறார் என்பதே எல்லாக் குற்றச்சாட்டுகளுக்கும் அடியில் இருந்த குறை.

நான்கு ஆண்டுகள் மிசூரி மாநிலத்தின் ஜெஃபர்சன் நகரில், லிங்கன் நிறுவனம் என்ற கறுப்பினக் கல்லூரியில் மொழிகள் கற்பித்தார். 1910இல் நிர்வாகம் மாறியபின் எம் தெருப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. தலைமையாசிரியராகத் திரும்ப அழைக்கப்படவில்லை. தாம் ஆண்ட பள்ளியில் லத்தீன் ஆசிரியராக, இன்னொருவர் தலைமையின் கீழ் வேலை செய்ய வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் அவர் அதை ஏற்றுக்கொண்டார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் இந்த இருபது ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ அவர் வாழ்வில் மிகவும் போற்றத்தக்க பகுதி இதுவே என்று தோன்றுகிறது. பதவியின் மீது பற்று இருந்திருந்தால் திரும்பியிருக்க மாட்டார். பாடத்தின் மீதும் பிள்ளைகளின் மீதும் பற்று இருந்ததால் திரும்பினார். 1910 முதல் 1930 வரையான அந்தக் காலத்தில் அப்பள்ளியிலிருந்து வெளியேறியவர்களைப் பாருங்கள். பள்ளிகளில் இனப்பிரிவினையை வீழ்த்திய சட்டப் போராட்டத்துக்கு அடித்தளம் இட்ட சார்லஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன், கூட்டரசின் முதல் கறுப்பின நீதிபதியான வில்லியம் ஹேஸ்டி, குருதிச் சேமிப்பு முறையைச் செம்மைப்படுத்திய மருத்துவர் சார்லஸ் ட்ரூ, அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரான ராபர்ட் வீவர் ஆகியோர் அந்த ஆண்டுகளில் அங்கே படித்தவர்கள். இவர்களை உருவாக்கிய பெருமை ஒரே ஆசிரியருக்கு உரியது அன்று. ஆனால் கல்லூரிக் கல்விக்குரிய பாடத்திட்டம் அந்தப் பள்ளியில் கைவிடப்படாமல் நின்றதற்குப் பதவியையே விலையாகக் கொடுத்தவர், அவர்கள் நடமாடிய அதே பள்ளியில் லத்தீன் நடத்திக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டுகளிலேயே தாமும் மாணவியானார். 1911 முதல் மூன்று கோடைகள் பாரிசில் பிரெஞ்சு இலக்கியம் படித்தார். 1914இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்புக்குப் பதிந்துகொண்டு, சார்லமேன் பேரரசரின் புனிதப் பயணத்தைப் பாடும் பழைய பிரெஞ்சுக் காவியம் ஒன்றைப் பதிப்பிக்கத் தொடங்கினார். மறு ஆண்டே, தம் சகோதரர் வழியில் தாயை இழந்து நின்ற ஐந்து பேரக்குழந்தைகளை வீட்டுக்கு அழைத்துவந்தார். கைக்குழந்தை முதல் பன்னிரண்டு வயதுவரை ஐந்து பிள்ளைகள். அவருக்கோ ஐம்பத்தேழு வயதான ஆண்டு அது. அவர்களை வளர்ப்பதற்காக வாஷிங்டனின் லெட்ராய்ட் பார்க் பகுதியில், டி (T) தெருவில் ஒரு வீட்டை வாங்கினார். கொலம்பியா கேட்ட ஓராண்டு உள்ளூர்த் தங்கல் இந்த நிலையில் நடக்கிற காரியமாக இல்லை. ஆகவே தம் மதிப்பெண்களைச் சோர்போனுக்கு மாற்றிக்கொண்டு, புதிய பொருளில் ஆய்வேடு எழுத முனைந்தார். பாரிஸ் ஆவணக் காப்பகங்களில் அவர் உழைத்துக்கொண்டிருந்தபோது, அறுபது நாள்களுக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்ற செய்தி நண்பர் ஒருவரிடமிருந்து தந்தியாக வந்தது. குறிப்புகளைச் சுருட்டிக்கொண்டு கடல்கடந்து வந்து, கெடுவுக்குள் வகுப்பறையில் நின்றார்.

1925 மார்ச் 23ஆம் நாள் அவர் ஆய்வேட்டை நிலைநாட்டினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமை முறை குறித்து பிரான்ஸ் கொண்டிருந்த நிலைப்பாடே அதன் பொருள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கியவர்கள், இன்றைய ஹைட்டியான சான் டொமாங் குடியேற்றத்தின் அடிமைகள் விஷயத்தில் எப்படித் தயங்கினார்கள், தோட்ட முதலாளிகளின் மசியாக் மன்றம் என்னென்ன வழியில் அவர்களைத் தடுத்தது, இறுதியில் அடிமைகளின் எழுச்சியே எப்படி முடிவைத் தீர்மானித்தது என்று அவர் காட்டினார். இதே பொருளில் மிகவும் புகழ்பெற்ற நூலைச் சி. எல். ஆர். ஜேம்ஸ் வெளியிட்டது 1938இல்தான். கூப்பரின் ஆய்வேடு அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முந்தியது. தேர்வாளர் குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் சமூகவியலாளர் செலஸ்தேன் பூக்ளே. இந்தியச் சாதி முறை குறித்து 1908இல் ஒரு முக்கியமான நூலை எழுதியவர் என்பதால் நம் வாசகர்களில் சிலர் அவர் பெயரை அறிந்திருக்கக்கூடும். சமத்துவக் கருத்து மேலை நாட்டு மக்களிடம் முளைத்த தனிச் சொத்து என்ற போக்கில் அவர் எழுதியிருந்ததை, அவர் முன்னிலையிலேயே கூப்பர் மறுத்து வாதிட்டார். சமத்துவ உணர்வு மனிதராய்ப் பிறந்த எவருக்கும் இயல்பாக உள்ளது, எந்த இனமும் அதைக் கண்டுபிடித்ததாக உரிமை கொண்டாட முடியாது என்பது அவருடைய வாதம். அவ்வாறு அறுபத்தாறாம் வயதில், முனைவர் பட்டம் பெற்ற நான்காவது ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண்ணானார். அதன்பின் மீண்டும் டன்பார் பள்ளிக்குப் போய் லத்தீன் நடத்தினார்.

ஓய்வுபெறும் தறுவாயில் அவர் செய்த இன்னொரு காரியத்தையும் விட்டுவிடக்கூடாது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தைக் கறுப்பின மக்களை இழித்துச் சித்திரித்த ஒரு நூல் 1929இல் வெளிவந்து பரவலாக விற்றபோது, அதற்கு முழுமையான, திறமான, இறுதியான பதில் எழுதப்பட வேண்டும், அதை எழுதத் தக்கவர் நீங்கள்தான் என்று அவர் டு பாய்ஸுக்கு ஆண்டின் கடைசி நாளில் கடிதம் எழுதினார். டு பாய்ஸ் 1935இல் வெளியிட்ட மறுசீரமைப்புக் கால வரலாற்று நூல் உருவானதில் இந்தத் தூண்டுதலுக்கும் இடமுண்டு. தம் பெயரைச் சொல்லாமல் விட்ட மனிதரிடமே வேலையைச் சரியாக ஒப்படைத்தார்; அதில் ஒரு நல்லாசிரியரின் கண் இருக்கிறது.

1930இல் ஓய்வுபெற்றபோது அவருக்கு எழுபத்தொரு வயது. அதே ஆண்டில் ஃப்ரீலிங்ஹைசன் பல்கலைக்கழகத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். பெயர்தான் பல்கலைக்கழகம். பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டுக் கல்விக்கு ஏங்கும் கறுப்பினத் தொழிலாளருக்காக, லாசன் தம்பதியர் 1900களின் தொடக்கத்தில் நிறுவிய மாலைநேரக் கல்விநிலையம் அது. வழக்கமான பள்ளிகளும் கல்லூரிகளும் சேர்த்துக்கொள்ளாத வயதினரும் வீட்டுவேலை செய்வோரும் அங்கே படித்தார்கள். கட்டடத்தின் கடனைக் கட்ட முடியாமல் போனபோது, டி தெருவிலிருந்த தம் வீட்டையே வகுப்புகளுக்குத் திறந்துவிட்டார். அங்கே அடிப்படைக் கல்விக்காக நடந்த பள்ளிப் பிரிவுக்கு ஹன்னா ஸ்டான்லி வாய்ப்புப் பள்ளி என்று தாயின் பெயரை வைத்தார். 1930களில் பட்டம் வழங்கும் உரிமை பறிபோனது, பணம் வற்றியது. அவரோ முதலில் தலைவராகவும் பிறகு பதிவாளராகவும் ஏறத்தாழ தொண்ணூறு வயதுவரை அதைத் தாங்கிக்கொண்டிருந்தார். உங்களுடைய முதன்மையான ஈடுபாடு எது என்று அவரிடம் ஓர் ஆய்வுப் படிவத்தில் கேட்டபோது, புறக்கணிக்கப்பட்டவர்களின் கல்வி என்று எழுதினார். ஹார்வர்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய காலத்துக்கும், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களைத் தம் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்த காலத்துக்கும் அந்த ஒரே விடை பொருந்துகிறது. செவ்வியல் கல்வியை ஆதரித்ததால் அவரை மேட்டிமைவாதி என்று குறைகூறுவோர் இன்றும் உண்டு. அவர்கள் ஃப்ரீலிங்ஹைசனின் இந்த இருபது ஆண்டுகளைக் கணக்கில் கொள்வதில்லை.

1951இல், தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில், நெருங்கிய நண்பர்களான கிரிம்கே குடும்பத்தைப் பற்றிய நினைவுகளைத் தாமே வெளியிட்டார். 1964 பிப்ரவரி 27ஆம் நாள், நூற்றைந்து வயதில், வாஷிங்டனில் உயிர்நீத்தார். அவர் பிறந்தபோது அவருடைய உடல் இன்னொருவரின் சொத்து. அவர் இறந்து நான்கே மாதங்களில், பொது இடங்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த குடிசார் உரிமைகள் சட்டம் கையொப்பமானது. ராலிக்குக் கொண்டுபோய், இரண்டாண்டு மட்டுமே உடன்வாழ்ந்த கணவரின் அருகில் அவரை அடக்கம் செய்தார்கள்.

2009இல் அவருக்கு அமெரிக்க அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. எபிஸ்கோபல் திருச்சபை பிப்ரவரி 28இல் அவரை நினைவுகூர்கிறது. லெட்ராய்ட் பார்க்கில் அவர் வீட்டுக்கு அருகிலுள்ள வட்டச் சந்திப்புக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய தாள்கள் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் மூர்லாண்ட்-ஸ்பிங்கார்ன் ஆய்வு மையத்தில் உள்ளன. கேள்வி கேட்டவர் மேலும் படிக்க விரும்பினால், கடவுச்சீட்டு வாக்கியத்தோடு நின்றுவிடாமல், 1892ஆம் ஆண்டு நூலில் பெண்களின் உயர்கல்வி பற்றிய கட்டுரையை முதலில் எடுத்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன். கிரேக்க வகுப்பில் இடம் கேட்ட சிறுமியைப் பற்றி அவரே எழுதியது அதில்தான் இருக்கிறது. அதைப் படித்தபின் ஓபர்லின் தலைவருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால், எம் தெருப் பள்ளியில் லத்தீனை விட்டுக்கொடுக்கச் சொன்னபோது அவர் ஏன் முடியாது என்றார் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.